மாற்றுத்திறனாளிகளின் மனத்துயரும் கிராமப் பணியாளரின் கடமையும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலையும் குடிநீரும் பள்ளிக்கூடமும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. எனினும், அச்சாலையில் இறங்கி நடக்க இயலாமல் வீட்டின் பின்கட்டில் ஆண்டுக்கணக்காகப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒருவரை அம்முன்னேற்றம் எட்டவில்லையெனில், நமது பணி பாதி வழியில் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். அத்தகையோருள் சிலர், "இனி இருந்து என்ன பயன்?" என்று தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டு நாட்களைக் கழிக்கின்றனர். அக்கேள்வி விபரீத முடிவாக மாறுமுன் அதனை அறிந்துகொள்வது எங்ஙனம், அறிந்தபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கோவளம் என்னும் ஊரை வாசகர்கள் பலரும் அறிவர். மீனவர் குடியிருப்பும், தர்காவும், மாதா கோயிலும், பிற்காலத்தில் எழுந்த விடுதிகளும் அடுத்தடுத்து அமைந்த ஊர் அது. இவ்வூரை ஒட்டிய முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் மத்திய அரசினரால் நிறுவப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளை உடையோருக்குச் சிகிச்சை, சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் பயிற்சி முதலியவற்றை அளிப்பதும், அப்பணிக்குரிய ஊழியர்களைப் பயிற்றுவிப்பதும் அதன் நோக்கங்கள். 2020 செப்டம்பரில், மாற்றுத்திறனாளிகள் நலத்தை நோக்கும் மத்தியத் துறையினர் 'கிரண்' என்னும் மனநல உதவித் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது, அதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்ற இரு நிறுவனங்களுள் முட்டுக்காட்டு நிறுவனமும் ஒன்று. உடற்குறைக்கு உதவும் கையே மனத்துயருக்கும் உதவ வேண்டும் என்னும் உண்மை இதனால் விளங்கும்.

இத்தகைய நிறுவனம் அருகிலிருப்பது நற்பேறே. ஆயினும், நிறுவனத்தின் வாயிலுக்கு வருகிறவரையே நிறுவனம் காண முடியும். வாராதவரைக் காணும் கடமை கிராமத்தாருடையது.

முதலில் களைய வேண்டிய தவறு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். காரணங்களாகக் குறிக்கப்பட்டவற்றுள் குடும்பப் பிரச்சினைகளுக்கு அடுத்த இடத்தில் நோய் நிற்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானோர் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதன்பின் வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருப்பதால், இத்தொகை மேலும் பெரிதாகவே இருத்தல் வேண்டும்.

உடற்குறையோ மனக்குறையோ உடையவரிடத்துத் தற்கொலை எண்ணம் மற்றவர்களிடத்தைவிட மிகுதியாகக் காணப்படுகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனைக் கேட்டவுடன், "அவர் நிலையில் யாராயிருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்!" என்று இரக்கத்துடன் சொல்லுவோர் உண்டு. உறவினர் சொல்லுகின்றனர்; அயலார் சொல்லுகின்றனர்; சிற்சில வேளைகளில் மருத்துவப் பணியாளரும் சொல்லிவிடுகின்றனர். இரக்கம்போல் தோன்றும் இச்சொல்லே பெருந்தீங்கு விளைப்பது. இருகால்களும் இயங்கும் ஒருவர், "சாக வேண்டும்போல் இருக்கிறது" என்றால் நாம் பதறி ஓடுகிறோம். கால் இயங்காத ஒருவர் அதையே சொன்னால், அது இயல்பென எண்ணிக் கடந்து செல்கிறோம். அவருடைய மனச்சோர்வு அவருடைய ஊனத்தின் பின்னே மறைந்துவிடுகிறது. தீர்க்கக்கூடிய துயரம் தீர்க்கப்படாமலே போகிறது.

உண்மையை ஆராய்ந்து பார்த்தால், மனிதரை இம்முடிவுக்குத் தள்ளுவது குறைபாடு மட்டுமன்று. அதனைச் சூழ்ந்து நிற்கும் ஓயாத வலி, உறக்கமின்மை, தொழில் இழப்பு, கடன், தனிமை, பிறருடைய ஏளனம், வீட்டிலேயே நேரும் அடியும் வசையும், "நான் எல்லோருக்கும் சுமையாகிவிட்டேன்" என்னும் எண்ணம் ஆகியவையே பெரும்பாலும் தள்ளுகின்றன. வலியை மருந்தால் குறைக்கலாம், படுக்கைப்புண்ணை ஆற்றலாம், உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதலாம், வீட்டு வாயிலில் ஒரு சாய்தளம் கட்டலாம். குறைபாடு நீங்காவிடினும் அதனைச் சூழ்ந்தவற்றுள் பலவற்றை நீக்க முடியும். ஆகவே, அபாயத்தை மதிப்பிடுதல் என்பது ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும் வேலையன்று. அவரைச் சூழ்ந்தவற்றுள் எதனை முதலில் நீக்கலாம் என்று கண்டுபிடிக்கும் வேலையாகும்.

எவரிடத்து, எப்போது கவனம் மிகுதியாக வேண்டும்?

படகிலிருந்தோ, பனைமரத்திலிருந்தோ, கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து தண்டுவடம் சேதமுற்றவர்களுக்கு முதற் சில ஆண்டுகளே மிகவும் கடினமானவை. நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர் இன்று சிறுநீர் கழிக்கவும் பிறர் கையை எதிர்பார்க்கிறார். பெரிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின், உறவினர் வருகை ஓய்ந்து, வீடு பழைய அலுவல்களுக்குத் திரும்பும் நாட்களில்தான் தனிமை அவரைச் சூழ்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்று மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரங்களும் அத்தகையனவே.

வலிப்பு நோய் உடையவர்களிடத்தும், மனச்சிதைவு நோய் உடையவர்களிடத்தும் தற்கொலை அபாயம் பொது மக்களிடத்தைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. நடுவயதில் திடீரெனப் பார்வை இழந்தவர், செவிப்புலன் குன்றி வீட்டாருடனும் பேச்சற்றுப்போனவர், தொழுநோய் குணமான பின்னும் ஊராரால் ஒதுக்கப்பட்டவர், ஆட்டிசம் உடையவராயினும் அது கண்டறியப்படாமல் 'விசித்திரப் பிறவி' என்று கேலிக்குள்ளான இளைஞர் ஆகியோரையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிப் பெண்கள், வீட்டினுள்ளேயே வன்முறைக்கு ஆளாகியும் வெளியில் சொல்ல வழியின்றி வாடுவதுண்டு. எவராயினும், முன்பு ஒருமுறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தால் அதுவே எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை.

"அவரால் எழுந்திருக்கவே முடியாது, அவர் என்ன செய்துவிடப் போகிறார்?" என்று எண்ணுதல் பெரும் பிழை. உணவை ஒதுக்குதல், மருந்தை மறுத்தல், புண்ணுக்குக் கட்டுப்போட உடன்படாமை, உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், நெடுநாள் வேதனைக்குப்பின் காரணம் புலப்படாத திடீர் அமைதி ஆகியவை கவனிக்கற்பாலன. அறிவுசார் குறைபாடு உடையவர் தம் துயரைச் சொல்லால் சொல்லாமல் போகலாம். வழக்கமான செயல்களில் விருப்பம் போதல், தன்னையே அடித்துக்கொள்ளுதல், உறக்கம் கெடுதல் என நடத்தையில் காணும் மாறுதலே அவருடைய மொழி. "அது அவன் வழக்கம்" என்று கூறுமுன், சென்ற மாதமும் இவ்வாறுதான் இருந்தாரா என்று தாயாரைக் கேட்டறிதல் நன்று.

கேட்கும் முறை

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்ததாகும் என்று பலரும் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் ஆதாரமற்றது. அக்கறையுடன் நேராகக் கேட்கும்போது, அடக்கி வைத்த பாரம் இறங்குவதாகவே துயருற்றோர் உணர்கின்றனர்.

முதலில் தனிமை வேண்டும். உணவூட்டுபவரும் உடை மாற்றுபவரும் அருகில் நிற்கையில், "நான் சுமையாகிவிட்டேன்" என்று ஒருவர் எங்ஙனம் வாய்திறப்பார்? வீட்டாரிடம் பணிவாகச் சொல்லிச் சிறிது நேரம் தனித்துப் பேசுதல் வேண்டும். செவிப்புலன் குறைந்தவருக்குச் சைகை மொழி அறிந்த ஒருவரை அழைத்து வருதல் வேண்டும்; அவர் உறவினராக இல்லாமலிருப்பது நலம். பேச்சுத் தெளிவற்றவருக்குப் போதிய நேரம் கொடுத்து, அவர் வாக்கியத்தை நாமே முடித்துவிடாமல் காத்திருத்தல் வேண்டும். பார்வையற்றவரிடம், அறையில் யார் யார் இருக்கின்றனர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் மரியாதை. அறிவுசார் குறைபாடு உடையவரிடம் சிறு சொற்களில், ஒருமுறைக்கு ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டும்.

கேள்விகளும் படிப்படியாக அமைதல் வேண்டும். "அண்ணே, இவ்வளவு சிரமத்தில், காலையில் கண் விழிக்காமலே போனால் தேவலை என்று தோன்றியதுண்டா?" என்று தொடங்கலாம். ஆம் எனில், "உயிரை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுண்டா?" என்றும், அதற்கும் ஆம் எனில், "எப்படி என்று யோசித்தீர்களா? அதற்கு ஏதேனும் ஏற்பாடு செய்தீர்களா?" என்றும், "அப்படிச் செய்துவிடுவேன் என்ற எண்ணம் இப்போது இருக்கிறதா?" என்றும், "முன்பு எப்போதாவது முயன்றதுண்டா?" என்றும் கேட்க வேண்டும். கடைசியாக, "இதுவரை உங்களைத் தடுத்து நிறுத்தியது எது?" என்று கேட்டல் இன்றியமையாதது. மகளின் படிப்போ, ஒரு நண்பரோ, இறைநம்பிக்கையோ, எதுவாயினும் அவர் பற்றியிருக்கும் கயிறு எதுவென்பதை அவ்விடை நமக்குக் காட்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வை அளக்கப் பயன்படும் வினாப்பட்டியல்களில் பசி, உறக்கம், களைப்பு, உடல் வேகம் முதலியவை பற்றிய கேள்விகள் இடம்பெறுகின்றன. தண்டுவடச் சேதமுற்றவருக்கோ தீராத நோயுற்றவருக்கோ இவை உடல் காரணமாகவே குன்றியிருக்கலாம். மதிப்பெண் மிகுதியாவதும், "எல்லாம் உடம்பினால்தான்" என்று தள்ளிவிடுவதும், இரண்டுமே தவறான வழிகள். ஆகையால் நம்பிக்கை இழப்பு, எதிலும் இன்பமின்மை, சுமையென்ற எண்ணம் ஆகியவற்றைப் பற்றியே துருவிக் கேட்க வேண்டும். மேலும், மதிப்பெண்ணை வைத்து எவர் இறப்பார், எவர் இறவார் என்று முன்னறிந்து கூற இயலாது. அவ்வாறு கணிக்க அளவுகோல்களைப் பயன்படுத்தலாகாது என்று இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. கணிப்பைவிட அவருடைய தேவையை அறிவதே பயன் தரும்.

விடைக்கேற்ற செயல்

வாழ்வில் சலிப்பு உண்டு, ஆயினும் வழிமுறை எதையும் எண்ணவில்லை என்பாராயின், அவ்வாரத்திற்குள் மீண்டும் சென்று காணுதல் வேண்டும். வலியோ, கடனோ, உதவித்தொகை நின்றுபோனதோ, எது வாட்டுகிறதென்று அறிந்து ஒன்றையேனும் உடனே தீர்க்க முயல வேண்டும். வழிமுறையை எண்ணியிருந்தாலும், முன்பு முயன்றிருந்தாலும், காலந்தாழ்த்தாமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வழியாக மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். எண்ணமும் ஏற்பாடும் உறுதியும் ஒருங்கே இருக்குமாயின், அவரைக் கணமேனும் தனித்து விடலாகாது. 108 ஊர்தியை அழைத்து, அன்றைய தினமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கோவளம் வட்டாரத்தினருக்குச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

எந்நேரமும் பேசி ஆறுதல் பெற, அரசினரின் தொலைபேசி மனநலச் சேவை எண் 14416. சென்னையில் 1986-ஆம் ஆண்டு டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் தொடங்கிய 'சிநேகா' அமைப்பின் எண் 044-24640050. இவ்விரு எண்களையும் ஊராட்சி அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைக்கலாம்.

ஆபத்து விளைக்கக்கூடிய பொருள்கள் கைக்கெட்டாமல் இருத்தல் உயிர் காக்கும் எளிய வழி. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், உழவர்களின் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சிநேகா அமைப்பினர் செய்து பார்த்தனர். பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைகள் அதனால் குறைந்தன என்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நெடுநாள் மருந்து உட்கொள்ளும் மாற்றுத்திறனாளியின் வீட்டிலும், வாரத்திற்கு வேண்டிய அளவை மட்டும் வெளியில் வைத்து, மிகுதியைப் பொறுப்பானவர் ஒருவர் பூட்டி வைக்கலாம். ஆனால் பாதுகாப்பு என்னும் பெயரால் சக்கர நாற்காலியையோ, ஊன்றுகோலையோ, கைப்பேசியையோ பறித்துவிடலாகாது. அவை அவருடைய கால்கள், அவருடைய குரல். அவற்றைப் பறித்தால் துயரமே பெருகும்.

சட்டம் குறித்த அச்சமும் வேண்டா. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. முயன்றவரைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. வழக்கு வருமோ என்றஞ்சிச் செய்தியை மறைப்பது, சிகிச்சையைத் தடுப்பதாகவே முடியும்.

மீண்டும் மீண்டும் செல்லுதல்

இத்துறையில் நம் மாநிலமும் பங்குபெற்ற ஓர் ஆய்வு பெரும் நம்பிக்கை தருவது. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில், சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாட்டு நகரங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்தப்பெற்ற அவ்வாய்வின் முடிவு 2008-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மறுபகுதியினருக்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடலும், பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தலும் சேர்க்கப்பட்டன. முற்பகுதியினருள் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்தனர். பிற்பகுதியினருள் நூற்றுக்கு 0.2 பேரே இறந்தனர். இது மாற்றுத்திறனாளிகளை மட்டும் வைத்து நடந்த ஆய்வன்று. எனினும், நலம் விசாரிக்கும் ஒரு மனிதரின் வருகைக்கு எத்துணை ஆற்றல் உண்டென்பதை அது காட்டுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர் மருந்துடனும் இயன்முறைப் பயிற்சியுடனும் வீடு தேடிச் செல்கின்றனர். இரத்த அழுத்தத்தை அளக்கும் அவ்வேளையில் மனத்தின் அழுத்தத்தையும் கேட்டறிய அதிகச் செலவு ஏதுமில்லை.

பராமரிப்போரின் நிலையும் இதனுடன் பிணைந்தது. மூளை முடக்குவாதமுற்ற மகனை முப்பது ஆண்டுகள் தூக்கிச் சுமந்த தாயாரின் உள்ளத்தில், "எனக்குப்பின் இவனை யார் பார்ப்பார்?" என்னும் ஒரே கேள்வி உறங்காமல் நிற்கும். அக்கேள்வி முற்றினால் இரு உயிர்களுக்கும் ஆபத்து. ஆதலால் அன்னையையும் தனியே அழைத்து அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கலாம்; அதன் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. இச்செய்திகளை அவருக்கு எடுத்துரைப்பதும் உயிர் காக்கும் பணியே.

வாழ்வின் பக்கம் நிற்கும் சான்றுகள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ் அவர்கள், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இருகால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையை உருவாக்கினார். அங்கு சிகிச்சை பெற்றுச் சென்ற தண்டுவடப் பாதிப்புடையோர் ஆண்டுதோறும் மீண்டும் கூடும் மறுவாழ்வு மேளா இன்று புகழ்பெற்றது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் நிறுவிய திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், 1975-இல் நேர்ந்த விபத்தில் கைகால்களின் இயக்கத்தை இழந்தவர்.

இவர்களைக் காட்டி, "அவரைப்போல் நீயும் தைரியமாக இரு" என்று படுக்கையில் கிடப்பவருக்கு உபதேசிப்பது நம் கருத்தன்று; அத்தகைய உபதேசம் துயருற்றவரை மேலும் தனிமைப்படுத்தும். தகுந்த சிகிச்சையும், உடன் நின்ற மனிதரும், செய்வதற்கொரு வேலையும் அவர்களுக்கு வாய்த்தன. அம்மூன்றும் கோவளத்து மீனவருக்கும் வாய்க்கச் செய்ய முடியுமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி. வலை பின்னுதலும் பழுது பார்த்தலும் அமர்ந்து செய்யத்தக்க தொழில்கள். மீன் விற்பனைக் கணக்கெழுத ஒருவர் வேண்டும். பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்ல ஒருவர் வேண்டும்.

2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், கிராம ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்துள்ளது. சுமையென்று தம்மைக் கருதியவர் ஊரின் காரியங்களை முடிவு செய்யும் இடத்தில் அமரும் நாளில், அவரைப்போல் வீட்டினுள் கிடக்கும் பிறருக்கும் ஒரு குரல் கிடைக்கிறது.

ஒவ்வொரு ஊராட்சியும், தன் எல்லைக்குள் வெளியே வர இயலாமல் இருப்போர் எத்தனை பேர், அவர்களைக் கடைசியாக யார், எப்போது சென்று கண்டனர் என்பதை ஒரு ஏட்டில் குறித்து வருமாயின், அதைவிடச் சிறந்த தொடக்கம் வேறில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவினரும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரும், ஆசிரியர்களும், செவிலியரும் தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறையேனும் அவ்வீடுகளுக்குச் செல்வார்களாக. சென்று, அமர்ந்து, கேட்டு, சொன்னதைச் செய்து, மறுமாதமும் தவறாமல் செல்வார்களாக. இதற்கு மானியமும் வேண்டா, கட்டடமும் வேண்டா. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனைத் தொடங்கலாம்.